ஏழாவது சானல்

டனீடின் துறைமுகத்துக்கு மேலே, ரக்பி கிளப்பின் மாடிக் கூடத்தில்
மிக்ஸிங் மேசைக்குப் பின்னால் ஒன்பது வருடம் நின்றவள் நான்.
நீங்கள் மேடையில் முகங்களைப் பார்த்தீர்கள்.
எனக்கு அது பதினாறு குமிழ்கள்.
ஒன்று முதல் நாலு வரை விரேமுவின் டிரம்ஸும் பேஸும்,
ஐந்து டெஸ்மாவின் குரல், சனிக்கிழமைகளில் பீர் நுரைக்கு மேல் மிதப்பது,
ஆறு லாக்லனின் கிடார்:
கேட்டால் கொடுக்கும், கேட்காவிட்டாலும் கொடுக்கும்.
ஏழு, மர்டோ ஸ்ட்ராகன்.

அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.
ஆரம்பித்தால் மற்றவர்களைப் பற்றியே பேச்சு போகிறது.
அவன் வாசிப்பும் அப்படித்தான்.

படகுப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.
இரண்டாம் சரணம் முழுக்க அவன் வாசிப்பதே இல்லை.
தூங்கும் நாயின் முதுகில் வைத்த மாதிரி
தந்திகள்மேல் உள்ளங்கையை வைத்தபடி நிற்பான்.
'அப்பா திரும்பவில்லை' என்று டெஸ்மா முடித்து
மூச்சு எடுக்கிற இடத்தில்
ஒரே ஒரு கார்டு.
அவ்வளவுதான்.
அங்கே அழுதவர்கள் எல்லோரும்
டெஸ்மாவுக்குக் கடிதம் எழுதினார்கள்.

பகலில் அவனுக்கு ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டும் வேலை.
"கண்ணாடி பிரமாதம்னு ஒருத்தர் சொன்னா
துடைக்கலைன்னு அர்த்தம்" என்றான் ஒருமுறை,
பாட்டைப் பற்றி அல்ல,
நிஜமாகவே கண்ணாடியைப் பற்றி.

இன்வர்கார்கில்லில் ஒரு ஜூலை,
ஹீட்டர் செத்துப்போன கூடம்.
தனி வாசிப்புக்கு நாலு எண்ணிக்கை இருக்கும்போது
லாக்லனின் தந்தி அறுந்தது.
லாக்லன் வெறுங்கையை விரித்தான்.
கூட்டம் முதல் தடவையாக மர்டோவைத் திரும்பிப் பார்த்தது.
என் விரல் ஏழின்மேல் போய் நின்றது.

என்ன வாசித்தான் தெரியுமா?
டெஸ்மா அதுவரை பாடிய மெட்டை.
அதையே, ஒரு ஸ்தாயி கீழே,
ஒரு குழைவு, ஒரு சறுக்கல்கூட இல்லாமல்.
கடைசி சுரத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டான்,
வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு
கதவைத் தட்டாமல் திரும்புகிறவன் போல.
ஓரமாய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டெஸ்மா
பாட்டிலைப் போட்டுவிட்டு மைக்குக்கு ஓடிவந்தாள்.
இருநூறு தடவை பாடிய சுரம் அது.
அன்றைக்குத்தான் அது இருக்கும் இடம் தெரிந்த மாதிரி பாடினாள்.

கைதட்டல் அவளுக்கு.
லாக்லனும் தட்டினான்.

பிறகு ஒரு பத்திரிகை
நாட்டின் நூறு கிடார்காரர்கள் என்று பட்டியல் போட்டது.
லாக்லன் எண்பத்தொன்று.
படத்தின் ஓரத்தில் மர்டோவின் பாதித் தோள்.
மர்டோ இரண்டு பிரதி வாங்கினான்,
ஒன்றை லாக்லனின் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினான்.
இன்னொன்றை என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் பழைய ஒலிநாடாவைப் போட்டு
ஏழை மட்டும் அணைத்துப் பார்த்தேன்.
டிரம்ஸ் அவசரப்பட்டது. பேஸ் யாரையோ தேடியது.
டெஸ்மா பாடிக்கொண்டுதான் இருந்தாள்,
ஓடு பிரித்த வீட்டுக்குள் நின்று பாடுகிறவளாய்.
திரும்பப் போட்டேன்.
சத்தியமாய் எதுவும் கூடவில்லை.
உள்ளே பெய்த மழை மட்டும் நின்றது.

அப்புறம் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு
ஏழைத் தனியே கேட்டேன்.
பாட்டென்றே சொல்ல முடியாது.
பாதி நேரம் மௌனம், நடுவே விரல் நகரும் கீச்சொலி,
ஷூ தரையைத் தட்டுவது,
ஆம்ப் முன்னால் வைத்த மைக்கில் ஏறிய ஒரு முணுமுணுப்பு.
சத்தத்தைக் கூட்டினேன்.
டெஸ்மாவின் வரிகள். ஒரு வரி விடாமல்
உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான்.

ஒவ்வொரு ராத்திரியும் மேடைக்குப் போகிற வழியில்
என் மேசையருகே குனிவான்:
"ஏழைக் கொஞ்சம் குறைங்க. அவ சொல்றது கேக்கணும்."
நான் தலையாட்டுவேன்.
ஒன்பது வருடத்தில் ஒருநாளும் குறைத்ததில்லை.

அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.
வருடத்துக்கு வருடம்
இன்னும் மெதுவாகத்தான் வாசித்தான்.