ஆறாம் தடம்

ஆனி பிறந்துவிட்டால்
பணகுடிக்குக் கிழக்கே எந்தக் கோடும் நிற்காது.
கணவாய்க் காற்று இறங்கி
சுண்ணாம்பை அள்ளிக் காற்றாலைகளுக்குப் பூசிவிட்டுப் போகும்.
அதனால் தூளாகப் போடுவதை விட்டுவிட்டேன்.
கரைத்து, ஓட்டை போட்ட டின்னில் நிரப்பி
குனிந்த முதுகோடு ஊற்றிப் போகிறேன்,
ஆறு தடங்கள், இருநூறு மீட்டர்,
தெற்கு வளைவுக்குள்ளே
யாராலும் பிடுங்க முடியாத ஒரு வேப்பங்கட்டை.

ஜெபக்கனி டீச்சர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
"எப்படிண்ணே நூல் பிடிச்சாப்பல?" என்பார்.
பழக்கம் என்பேன்.

பழக்கம்தான்.
மேற்கு எல்லையில் வெள்ளை நாடா போடுவோம்.
இரண்டு நாடாக்களுக்கு நடுவே ஓர் ஆள் அகலம்.
அதையும் தடம் என்றுதான் சொல்லிக்கொண்டோம்,
நானும் உவரிக்காரன் லூர்துவும்.
குப்புறப் படுத்து
கம்பியால் மணலைக் குத்திக் குத்திக் கேட்கவேண்டும்.
யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது.
தும்மல் வந்தால் விழுங்க வேண்டும்.

புதைத்ததும் நாங்களேதான், வரைபடமும் கையில் இருந்தது.
எட்டு மாதத்தில் மணல்தான் இடம் மாறியிருந்தது.
"நம்ம தேரி மாதிரி கெடக்குலே,
ராத்திரி ஒரு மேடு, காலைல ஒரு மேடு" என்றான் லூர்து.
நாடாவுக்கு வெளியே அவன் வைத்தது
ஒரே ஒரு கால்.
அதுவரை அவன் வைத்துப்போன காலடிகளில்
எங்கள் கால்களை வைத்து வைத்துத்தான்
அவனைத் தூக்கி வந்தோம்.

முப்பிடாதிக்கு ஆறாம் தடம்.
குறுவட்டப் போட்டி, நானூறு மீட்டர், வெறுங்கால்.
எல்லோருக்கும் முன்னால் அவளை நிறுத்தியதும்
வேலியோரம் ஒருவர் சத்தம் போட்டார்:
"அவளுக்கு மட்டும் எதுக்கு அம்புட்டு முன்னால?"
வெளிவட்டம் நீளம் ஐயா,
இது சலுகை இல்லை, வளைவின் கணக்கு என்றேன்.
அவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவளுக்கு அந்தக் கணக்கு பழசு.
பள்ளிக்கு நேர்த்தெரு ஒன்று இருக்கிறது.
அவள் குளத்தங்கரையைச் சுற்றித்தான் வருகிறாள்.
கரைமேல் புல் முளைக்காத ஒற்றையடி,
அவள் அம்மாவும் அதற்கு முந்தி யார் யாரோவும்
நடந்து நடந்து வழுக்கையாக்கியது.

விசில்.
இரண்டாம் சுற்று, தெற்கு வளைவு.
அவள் இடது கால் கோட்டில் பட்டது.
"நில்லு!"

கத்தியது நான்தான்.
கத்திவிட்டுக் காதைப் பொத்தித் தரையில் கிடந்தேன்.
ஒன்றும் வெடிக்கவில்லை.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
அவள் நிற்கவுமில்லை,
எல்லையில் கட்டிய நாடாவை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு
இன்னும் கொஞ்சம் ஓடினாள்.

நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கியிருந்தார்.
வளைவில் வந்து குனிந்தால் கோட்டைக் காணோம்.
கரைத்து ஊற்றியும் காற்று நக்கிவிட்டது.
நான்கு பள்ளி வாத்தியார்கள் கூடி
மண் ஒட்டிய என் சட்டையைப் பார்த்தார்கள்.
"போட்டது நீங்கதானே. கோடு எங்கெ இருந்துச்சு?"

எனக்குத் தெரியும்.
வேப்பங்கட்டையிலிருந்து பதினெட்டடி, ஒரு சாண்.
அவள் இடது சுண்டுவிரல் ஓரம் வெள்ளை.
வலது காலை அதன்மேல் ஏற்றி வைத்து
கொக்கு மாதிரி நின்றிருந்தாள்.

"சரியாத் தெரியல சார்" என்றேன்.

அந்த வார்த்தைக்கு அங்கே ஒரு கால் விலை.
பதினோரு வருஷத்தில் ஒருதடவைகூட
என் வாயில் வந்ததில்லை.

சாயங்காலம் டின்னைக் கழுவ மதகடிக்குப் போனேன்.
தடம் என்றால் பழந்தமிழில் குளமாம்,
தமிழய்யா சொல்லியிருக்கிறார்.
எதிர்க்கரையில் அவள்.
சுருட்டிய சான்றிதழைப் பல்லில் கடித்துக்கொண்டு
இடது காலைத் தண்ணீருக்குள் விட்டுத் தேய்த்தாள்.
கொஞ்ச நேரம் யோசித்து
வலது காலையும்.