கரைக்குத் திருப்பச் சொன்னது நான்தான்

டர்பன் துறைமுக வாயைத் தாண்டித்
தெற்கே திரும்பியதும்
வலப்பக்கம் பிளஃப் குன்று.
இடப்பக்கம் ஒன்றுமில்லை,
ஆஸ்திரேலியா வரைக்கும்.

பதினெட்டுப் படகுகள்.
எங்களுடையது முப்பத்து நாலு அடி,
பலூன் பாயில் இரண்டு ஒட்டு.
அகுல்ஹாஸ் நீரோட்டம் யாரிடமும் வயது கேட்பதில்லை.
இருநூறு மீட்டர் ஆழக்கோட்டில் மூக்கை வைத்தால் போதும்,
சும்மா கிடந்தாலும் மணிக்கு நாலு மைல்
ஈஸ்ட் லண்டன் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
மனப்பாடம் செய்த நாலு காற்றையும்
படகேறிய பிறகு அடித்துத் திருத்திக்கொண்டேன்.
இங்கே வாடை
வெதுவெதுப்பாய் முதுகில் கைவைத்து நடத்திப் போகும்.
தென்றல்
பாயைக் கிழிக்கும்.

வாரநாட்களில் எனக்குச் சாட்ஸ்வொர்த்தில் மருந்துக்கடை.
படகில் நான் வழி பார்ப்பவள்.
நள்ளிரவு, போர்ட் செயின்ட் ஜான்ஸுக்கு நேரே,
மூன்றாவதாய்ப் போய்க்கொண்டிருந்தோம்.
மூன்றாவது!
லிண்டெலா சுக்கானில் சீட்டியடித்தான்.

பாரமானி, பத்து மணிக்கு
ஆயிரத்துப் பதிமூன்று.
பதினொன்றுக்குப் பத்து.
பன்னிரண்டுக்கு ஏழு.

தெற்கே ஓடும் நீரும்
தெற்கிலிருந்து வரும் காற்றும் மோதினால்
அலைக்கு முன்னால் ஒரு பள்ளம் விழும்.
மூக்கு மடங்கிப்போய்த் துறைமுகத்தில் நின்ற
சரக்குக் கப்பல் ஒன்றை
நானே பார்த்திருக்கிறேன்.
"கரைக்குத் திருப்புங்கள்" என்றேன்.

ஹெண்ட்ரிக் அண்ணாந்து பார்த்தார்.
மேகமில்லை. திரிசங்கு மட்டும்
அங்கும் சேராமல் இங்கும் சேராமல்.
"நிச்சயமா?"
நிச்சயம் என்பது
நான் எண்ணிப் போடும் மாத்திரைகளுக்கு.
"நிச்சயம்."

கரையோரம் வேறொரு கடல்.
எரிந்த புல்லின் வாசனை வந்தது,
எங்கோ ஒரு நாய் குரைத்தது.
வேகமானி பதினொன்றிலிருந்து ஐந்துக்கு இறங்கியது.
திரையில் சின்னச் சின்ன முக்கோணங்கள்
நாங்கள் விட்டுவந்த கோட்டில்
எங்களைக் கடந்தன.
ஐந்தாவது ஆனோம், ஒன்பதாவது ஆனோம்.
அப்புறம் எண்ணவில்லை.

காற்று வரவில்லை.

விடிந்தது. வரவில்லை.
பாரமானி அப்படியே நின்றது,
சத்தியம் செய்தவன் மாதிரி.
பீன்ஸ் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டியில்
பாதியைப் பிய்த்து லிண்டெலா என்னிடம் நீட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மாலை ஆறு மணிக்குப் பஃபலோ ஆற்றுக்குள் நுழைந்தோம்,
பதினாலாவதாக.
முன்னால் வந்த படகின் ஆட்கள் தலை துவட்டிக் குளித்து முடித்து
பீருடன் வரிசையாய் நின்றார்கள்.
"எங்கே போனீர்கள், மீன் பிடிக்கவா?"
ஹெண்ட்ரிக் சிரித்தார். எனக்காகவும் சேர்த்துச் சிரித்தார்.

இரவு இரண்டு பத்துக்கு வந்தது.
முதலில் ஒரு மரத்தில் கயிறு அடித்தது,
பிறகு அத்தனை பாய்மரங்களிலும்,
தகரக் கடையில் திருடன் புகுந்தாற்போல.
"உன் விருந்தாளி" என்றார் ஹெண்ட்ரிக்,
கண்ணைத் திறக்காமல்.
எட்டு மணி நேரம் தாமதமாய்
நான் சொன்னது சரியாகிவிட்டது.
இனி அதை வைத்து
என்ன செய்வதென்று தெரியவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
தென்மேற்கு, முப்பத்தெட்டு நாட்.
குறிப்பு என்ற கட்டத்தில்
தென்றல்.

மேலே ஏறிக் கயிறுகளை இறுக்கினேன்.
விளக்கொளியில் படகுகளை எண்ணினேன்.
பதினேழு.
திரும்ப எண்ணினேன்.

ரேடியோவில் மூன்றே முக்காலுக்குத்தான் குரல் கிடைத்தது,
இரைச்சலுக்குள்ளிருந்து, ஒரு பெண்.
கெய் முகத்துவாரம் தாண்டியாச்சு,
பாய் மூன்று மடிப்பு,
நேற்று ராத்திரியிலிருந்தே கரையை ஒட்டித்தான் வருகிறோம்,
ஒருவனுக்கு மட்டும் விலா எலும்பில் அடி.
யாரைப் பார்த்துக் கரைக்கு வந்தார்கள் என்று
அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
கட்டிக்கொள்ள உங்கள் பக்கத்தில்
இடம் இருக்குமா என்றாள்.

இருக்கிறது என்றேன்.
மழை தொடங்கியிருந்தது.
ரப்பர் மிதவைகளை அவிழ்த்து
அந்தப் பக்கம் கட்டப் போனேன்.