இடது ஓரம்: ஒன்பதரை வரி

பதின்மூன்று ஊர்கள். அடியில் ஏழு பெயர்கள்.
முதலில் நான் எண்ணிப் பார்க்கவில்லை.
நாலு மணிக்குள் கொழும்புக்குப் போகவேண்டிய அறிக்கை,
மின்விசிறியே பக்கம் புரட்டுகிற அறை,
உட்துறைமுக வீதியில் யாரோ
நடுத்தெருவில் படுத்த மானுக்கு
ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நஸ்மியாதான் கேட்டாள்,
தேத்தண்ணிக் கோப்பையைப் படத்தின் மேலேயே வைத்துவிட்டு:
"எங்கட மூதூர் எங்க?"

தூண் இருந்தது. நல்ல உயரம்.
கீழே வெள்ளை.
புல்மோட்டைக்குப் பெயர் இருந்தது, வெருகலுக்கு இருந்தது,
இடையில் அவள் ஊர்
தலை மட்டும் உள்ள ஆள் மாதிரி நின்றது.

இயந்திரத்துக்கு ஒரு மரியாதை.
ஒரு பெயர் இன்னொன்றில் இடிக்குமென்றால்
இரண்டாவதை எழுதாது.
எச்சரிக்கை இல்லை, சிவப்பு எழுத்து இல்லை.
பேசாமல் விட்டுவிடும்.

எழுத்தைச் சிறிதாக்கினேன்: பூச்சியம் தசம் ஐந்து.
நெத்தலிக் கண்ணளவில் எல்லாரும் வந்தார்கள்.
பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மாட்டிப் பார்த்து மறுபடி கழற்றினார்.
"இலக்கம் போடுமன் பிள்ளை. ஒண்டு, ரெண்டு, மூண்டு.
கீழ ஒரு பட்டியல்."
முகாமில் அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று
நஸ்மியா சொல்லவில்லை.
நான்தான் நினைத்தேன்.

தொண்ணூறு பாகை திருப்பினேன்.
கழுத்தைச் சாய்த்தால் வாசிக்கலாம்,
ஆனால் ஈச்சி தாளுக்கு வெளியே விழுந்துவிட
'லம்பற்று' மட்டும் தொங்கியது.
கீழ் ஓரத்தை ஐந்து வரியிலிருந்து பத்தாக்கினேன்.
பெயர்கள் முழுதாயின. தூண்கள் குட்டையாயின.
"போன வருசத்தவிட மீன் குறைஞ்ச மாதிரிக் கிடக்கே?"
குறையேல்ல சேர்.
பெயருக்கு இடம் குடுத்தது, அவ்வளவுதான்.

இதற்குள் நிலைக்குத்து அச்சு
ஒரு லட்சம் கிலோவை
ஒன்று, ஈ, கூட்டல், பூச்சியம், ஐந்து என்று
எழுதி வைத்திருந்தது.
மீன் என்றால் ஈ வரும்தான்.
விரட்டினேன்.

பிறகு படத்தையே படுக்கவைத்தேன்.
இடது ஓரம், நாலிலிருந்து ஒன்பதரை வரி.
எட்டில் ஈச்சிலம்பற்றின் கால் இன்னும் வெளியே,
ஒன்பதில் தலை இடித்தது,
ஒன்பதரையில் மூச்சுவிட்டது.
அகரவரிசையையும் கலைத்தேன்.
குச்சவெளிக்காரரைக் கிண்ணியாவுக்குப் பக்கத்தில்
யார் குடியேற்றியது?
இயந்திரம் கீழிருந்துதான் அடுக்கும்,
ஆகவே வெருகலை முதலில் எழுதி
சம்பூர், மூதூர் என்று மேலே மேலே ஏறி
புல்மோட்டையில் முடித்தேன்.
கரை, கரை கிடக்கிற மாதிரிக் கிடந்தது.

அப்போதுதான் சல்லியைக் கண்டேன்.
சாம்பல்தீவுக்குக் கீழே
பெயர் உண்டு, தூண் இல்லை.
முந்திய படங்களில் அது வெறும் இடைவெளி.
பெயரும் இல்லை, தூணும் இல்லை,
கேட்க ஒரு நஸ்மியாவும் இல்லை.
"மீனில்லாத ஊருக்கு எதுக்குப் பெயர்? எடுத்துவிடும்."
மீன் இருந்தது சேர்.
எழுதத்தான் ஆள் இல்லை, எட்டு மாதமா வெற்றிடம்.
பூச்சியத்தையும் தெரியாததையும்
இயந்திரம் ஒரே மாதிரித்தான் வரையும்.
அந்த வெறுமையில் சாம்பல் நிறத்தில்
'தரவு இல்லை' என்று எழுதினேன்.
பக்கத்துத் தூணில் இடிக்காமல் எழுத
இருபது நிமிடம்.

நாலரைக்கு அனுப்பினோம்.
பிழைத்த தாள்கள் கூடையில்,
மேலே கிடந்ததில் தேத்தண்ணி வட்டம்.
ஐந்து மணிக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது:
படம் பெரிது, அரைப் பக்கத்துக்குச் சுருக்கவும்.

நஸ்மியா பையை மறுபடி கதிரையில் வைத்தாள்.
கடைசி கிண்ணியா பஸ் ஆறரைக்கு.
திறந்தேன்.
தூண்களைக் குறுக்கினேன், நடு இடைவெளிகளைக் குறுக்கினேன்,
தலைப்பை ஒரு வரியாக்கினேன்.
ஒன்பதரையில் கை வைக்கவில்லை.