வீழ்த்திய கணக்கு

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி
தென்னைகளுக்கு நடுவே ஓடுதளம்.
நார் மில் ரங்கநாயகத்தின் ரெண்டு சீட் விமானத்துக்குக்
காட்டுப் பச்சை, சேற்றுப் பழுப்பு,
மூக்கில் சுறாப் பல்.
லாரிக்கு அப்புவதுபோல் அப்பாதே என்றார்,
ஒரு கிலோ பெயின்ட் ஏறினால்
ஒரு கிலோ பெட்ரோல் இறங்கும்.

இறக்கையில் வட்டச் சின்னம் கேட்டார்.
கேஸ் ஆகிவிடும் என்றான் மெக்கானிக் ஷாநவாஸ்.
சரி, கதவுக்குக் கீழே
வீழ்த்திய கணக்கையாவது போடு.

என்னத்தை வீழ்த்தினீங்க?

நெல்லியாம்பதிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.
ஆடிக் காற்றில் இறங்கும்போது
ஒரு கொக்கு.

அட்டையில் வெட்டினேன்.
கழுத்து மூன்று தடவை வாத்தாகிப்போனது.

மறுநாள் தோப்பு மட்டத்துக்குத் தாழ்ந்து திரும்பியது.
பச்சை தெரியவில்லை, பழுப்பு தெரியவில்லை,
சுறாவும் காணோம்.
ஓலைகளுக்கு மேலே
வெள்ளையாய் அது மட்டும்
போய்க்கொண்டிருந்தது.