எந்தத் தண்ணீர்

வெட்டாற்று மதகில் ஒதுங்கினாள் பட்டம்மா.
ஆவணி, கரை தட்டும் தண்ணீர்.
தவறி விழுந்தவள் என்று எழுதியாயிற்று.
பஞ்சாயத்தார் ஐந்து பேர், அதில் கைநாட்டு இரண்டு.

டாக்டர் தையல்நாயகி மட்டும்
தொடை எலும்பில் ஒரு துண்டு எடுத்து வைத்தார்.

அமிலத்தில் மஜ்ஜை கரையும் புகைக்கு
ஆய்வுக்கூடத்தில் யாரும் நிற்பதில்லை.
நான் அட்டெண்டர், நின்றாக வேண்டியவன்.
தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு அவரும் நின்றார்.
எல்லாம் கரைந்த பிறகும் கரையாமல் சில.
"பாரு சவரி" என்று நகர்ந்துகொண்டார்.
வெள்ளரி விதை போல, தோணி போல,
கண்ணாடியில் செய்த பாசி.

செத்த உடம்பில் தண்ணீர் நெஞ்சோடு நின்றுவிடும்.
எலும்பு வரைக்கும் அதை அனுப்ப
துடிக்கிற இருதயம் வேண்டும்.
முழுகும்போது அவளுக்கு உயிர் இருந்தது.
எங்கே முழுகினாள்?

சைக்கிளில் போய் நான் மொண்டு வந்தவை
வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு.
பண்ணைக் களத்துக்குப் பின்னால்
ஆகாயத்தாமரை மூடிய குட்டைக்கு நான் போகவில்லை.
நாய் இருந்தது.
நாய் மட்டும் இல்லை.
அவரே போனார், சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி.

வக்கீல் மெதுவாக ஆரம்பித்தார்.
குட்டைக்கு எந்தத் தண்ணீர்?
வாய்க்கால்.
வாய்க்காலுக்கு?
வெட்டாறு.
வெட்டாற்றுக்கு?
வெண்ணாறு.
அதற்கு?
காவிரி.
கோர்ட்டே சிரித்தது.
அவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.
"ஓடுகிற தண்ணீரில் பிழைப்பது ஒன்று,
நிற்கிற தண்ணீரில் பிழைப்பது வேறு.
பட்டம்மா எலும்பில் இருப்பது
நின்ற தண்ணீர்."

மேல்நாட்டு முறை, இங்கே நிரூபணமாகாதது
என்றது தீர்ப்பு.
சாட்சியின் பேர்கூட இல்லை அதில்,
"ஒரு பெண் மருத்துவர்."
சாயங்காலம் களத்தில் வெடி போட்டார்கள்.
மறுவாரமே லாரி மண் கொட்டி
குட்டையைத் தூர்த்தார்கள்.

குற்றமில்லாதவனுக்குக் குட்டை என்ன செய்தது
என்று நான் கத்தினேன்.
அவர் பதில் சொல்லவில்லை.
சீசாவில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.
அந்தக் குட்டையில் உலகத்தில் மிச்சம்
அந்த அரை சீசாதான்.

பிறகு மாதாமாதம் ஆறு ஆறாகப் போனோம்,
பயணப்படி கிடையாது.
அரசலாறு, குடமுருட்டி, பாமணி, கோரையாறு,
அலமாரி போதாமல் ஜன்னல் விளிம்பிலும் சீசா.

ஆனி மாதம், மேட்டூர் திறந்து நாலாம் நாள்.
பாலத்துக்கடியில் மணலை நனைத்துக்கொண்டு
சருகும் செருப்பும் தள்ளி வருகிறது புதுத்தண்ணீர்.
ஊரே பூ போடுகிறது.
அவர் படியில் உட்கார்ந்து மூடியைத் திருகுகிறார்:
"நுரையை விலக்கிட்டு
அடியில மொள்ளு, சவரி."