தெளிக்காத உப்பு

அகஸ்தியம்பள்ளி உப்புக் கொட்டகையில்
மருந்து தெளிக்கிறவன் நான்.
பெல்ட்டில் உப்பு ஓடும்,
மேலே இரண்டு மூக்குக் குழாய்.
அயோடின் தண்ணீர் பனிபோல இறங்கும்.
நிறமில்லை, மணமில்லை,
கையில் பட்டால் துடைக்கக்கூடத் தோன்றாது.
ஒன்பது வருஷம்.
எதற்கென்று கேட்டதில்லை.
கழுத்து வீங்காமலிருக்க என்றார் மேஸ்திரி ஒருமுறை,
தன் கழுத்தைத் தானே தடவிக்கொண்டு.

லாரியில் ஏறுவது தெளித்தது.
வீட்டுக்கு வருவது
பாத்தி வரப்பில் குவித்த அம்பாரத்திலிருந்து.
அதற்குக் காசில்லை, கேள்வியில்லை.
உப்பு வாருகிற எல்லோரும்
துண்டு முனையில் முடிந்து வருவதுதான்.
வேதவல்லி அதை ஒருதரம் அலசி
ஜாடியில் போட்டு வைப்பாள்.
அவளுக்கு இப்போது நாலாம் மாசம்.

செவ்வாய்க்கிழமை ரெஜினா நர்ஸ் வந்தார்,
தோப்புத்துறையிலிருந்து, ஸ்கூட்டியில்,
விரல் நீளச் சொட்டுக் குப்பியோடு.
எதிரே போஸ்ட்மேன் வீட்டு உப்பில் ஒரு சொட்டு:
நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி
கருநீலம்.
எங்கள் ஜாடி உப்பில் ஒரு சொட்டு.
வெள்ளை.
இன்னொரு சொட்டு.
சித்திரை வெயிலில் பாத்தி கிடக்குமே,
அப்படி வெள்ளை.
"வீட்டுக்காரருக்கு எங்கம்மா வேலை?"
வேதவல்லி என்னைப் பார்த்தாள்.
நான் என் கையைப் பார்த்தேன்.

தொண்டைக்குழிக்குக் கீழே
ஒரு வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்திருக்கிறதாம்,
இந்தச் சத்துதான் அதற்கு இரையாம்.
வயிற்றுப் பிள்ளைக்கு முதல் மூணு மாசம்
சொந்தப் பூச்சி வேலை செய்யாது.
அம்மா தொண்டையிலிருந்துதான்
மூளைக்கு நூல் இழுத்துக்கொள்ளும்.
நூல் குறைந்தாலும்
பிள்ளை பிறக்கும், சிரிக்கும், நடக்கும்.
ஆறாம் வாய்ப்பாட்டில் வந்து நின்றுவிடலாம்.
ஏன் நின்றதென்று யாருக்கும் தெரியாது.
வாத்தியார் பிரம்பைத் தேடுவார்.

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன்.
"ஆயுசுக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன்."
ஒன்பது வருஷத்தில் என் சட்டையில்
சிந்திக் காய்ந்ததே அதற்கு மேலிருக்கும்.

கடலில் இல்லையா என்றால்,
இருக்கு, மீனுக்கு இருக்கு, பாசிக்கு இருக்கு,
உப்பு உறையும்போது மட்டும்
மிச்சத் தண்ணீரோடு வெளியே போய்விடுமாம்.
குடகிலிருந்து வழியெல்லாம் மண்ணைக் கழுவி
காவிரி கொண்டுவந்ததும்
எங்கள் வாசலில் தங்கவில்லை.
தண்ணீருக்குத்தான் நாங்கள் கடைமடை
என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் கடைத்தெருவில்
ஒரு பாக்கெட் வாங்கினேன்.
பின்பக்கம் பொடி எழுத்தில் எங்கள் கொட்டகை.
திருச்சி போய் உறை மாட்டிக்கொண்டு
திரும்பி வந்திருக்கிறது.
மாசித் தேதி.
மாசியில் பகல் ஷிப்ட் நான்தான்.
மீதிச் சில்லறையைக் கடைக்காரர் எண்ணித் தந்தார்.

குழம்பை இறக்கிய பிறகு உப்புப் போட்டாள்,
நர்ஸ் சொன்னபடி.
ஜாடிக்கு மூடி தேடினாள்.
பழைய உப்பைக் கொட்டவில்லை,
காரப்பொடிக் கருவாட்டுக்கு ஆகும் என்று
தனியே எடுத்து வைத்தாள்.
விளக்கணைத்த பிறகு
"போன மூணு மாசம்?" என்றாள்.
ரத்தப் பரிசோதனைக்கு எழுதின சீட்டு
காலண்டர் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை வேதாரண்யம் கோயிலுக்குப் போனோம்.
அம்பாளின் குரலுக்கு வெட்கப்பட்டு
சரஸ்வதி வீணையைக் கீழே வைத்துவிட்ட கோயில்.
என்ன வேண்டிக்கொண்டாய் என்றேன்.
"யாழைப் பழிக்கிற மொழியெல்லாம் வேண்டாம்,
ஆறாம் வாய்ப்பாட்டைத் தாண்டினால் போதும்."

இன்று காலை ஒரு மூக்குக் குழாய் அடைத்திருந்தது.
எப்போதும் மத்தியானம் வரை ஓடவிடுவோம்,
ஒரு குழாய் போதும் என்று.
பெல்ட்டை நிறுத்தினேன்.
மேஸ்திரி கத்தினார்.
வேதவல்லியின் ஊசியால்
துளையைக் குத்திக்கொண்டிருந்தேன்.
வாசலில் லாரி நின்றது.
நிற்கட்டும்.