காரணம் என்ற இடத்தில்

முதலில் தொடையின் பின்பக்கம். பிறகு வால்.
சோபா, துணி, சாம்பார்வரை
வெள்ளை முடி கிடந்த வீடு
மார்கழிக்குள் சுத்தமாகிவிட்டது.
மைதா என்று பேர் வைத்த நாய்க்கு
இப்போது கருந்தோல்.

சொறியவில்லை. வலியில்லை. தட்டை வழித்துத் தின்கிறது.
கேட்டைத் திறந்தபடி திம்மராயன்,
"சிங்கம் கட்டிங்காம்மா?" என்கிறார்.
மூன்றாம் மாடி ரத்னாபாய்
பையனை லிஃப்டுக்குள் இழுத்துக்கொள்கிறாள்.

பாகலூர் ரோடு கிளினிக்கில்
தைராய்டு நார்மல். பூஞ்சை இல்லை, பூச்சி இல்லை.
டாக்டர் சுகுணவதி இடுப்பில் மிளகளவு தோல் எடுத்து
ஒரு தையல் போட்டார்.
பெங்களூரிலிருந்து தாள் வந்தது.
காரணம் என்ற இடத்தில் ஒரு கோடு.
"பொமரேனியனுக்கு வரும்மா. ஏன்னு யாருக்கும் தெரியல."
சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை.
அதனால்தான் நம்பினேன்.

ரோஜா கம்பெனியில்
குளிர் அறைக்கென்று கொடுத்த ஸ்வெட்டரில்
ஒரு கையை வெட்டி அதற்கு மாட்டிவிட்டேன்.
மிச்சத்தைப் போட்டுக்கொண்டு
பெட்டி பெட்டியாய்ப் பூக்கட்டு அடுக்குகிறேன்.
சூப்பர்வைசர் கேட்டார்.
எலி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் வெயில்
பத்து மணிக்குத்தான் பால்கனிக்கு வந்தது.
ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
தையல் போட்ட இடத்தில் மட்டும்
ஒரு ரூபாய் அகலத்துக்கு
வெள்ளை முடி, கொத்தாக.
சுற்றிலும் அப்படியே.

போன் போட்டேன். டாக்டர் சிரித்தார்.
"ஆமாம்மா, சிலதுக்குக் காயம்பட்ட இடத்துல முளைக்கும்.
அதுக்கும் காரணம் தெரியாது."

விரலால் அந்த ரூபாயைத்
தடவிக்கொண்டே இருந்தேன்.
மைதா தட்டைப் பார்த்தது.